வெள்ளிக்கிழமை மட்டும் மீன்

அந்தச் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கிடந்தது: முலையூட்டிகள். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் ‘பாலூட்டி’ என்று பக்குவமாகச் சொல்லித் தப்பிவிடுவார்களாம். எங்கள் புத்தகத்தை எழுதினவர்களிடம் அந்தப் பக்குவம் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவர்கள். எழுதிவிட்டு அவர்கள் கொழும்பில் இருந்துகொண்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் நின்று அதை வாசிக்க வேண்டியவள் நான்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் அது ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமம். மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. அதனால்தான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரியான நான், ஆசிரியர் கலாசாலை முடித்த கையோடு, மாதா கோவிலின் நிழல் விழுகிற அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் சீக்கிரம் வரும், சிரிப்பும் சீக்கிரம் வரும். இரண்டில் எது முதலில் வரும் என்பது எனக்கே தெரியாது.

புத்தகத்தை விரித்து முதல் வரியை வாசித்தேன். சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத் தாண்டவில்லை, பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் தும்மினான். அது தும்மல் இல்லை. அடுத்தவனுக்கும் தும்மல் பிடித்தது. பெட்டைப் பிள்ளைகள் சட்டையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். நான் கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் முன்னுக்கு வந்தது சிரிப்பு. அதற்குப் பிறகு அந்த வகுப்பை ஆண்டவன்கூட அடக்கியிருக்க முடியாது.

பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் தென்னோலை பின்னின ஒரு கிடுகுத் தட்டிதான். தட்டியைச் சுற்றிக்கொண்டு தலைமை வாத்தியார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெயிலுக்கும் நிழலுக்கும் கையில் ஒரு குடை. நல்ல மனிதர். ஆனால் பொம்பிளைகளோடு கதைக்கும்போது அவர்களுடைய தலைக்கு மேலே பார்த்துத்தான் கதைப்பார்.

“என்ன ரீச்சர் சத்தம்?”

நான் வாயால் சொல்லாமல் புத்தகத்தை நீட்டினேன். விரல் வைத்த இடத்தை வாசித்தார். காது இரண்டும் சிவந்தன.

“உதை வாசிக்கத்தான் வேணுமோ?”

“பாடம் உதுதான் சேர்.”

“பாடத்தை நடத்துங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ. தாய் தேப்பன் என்னட்டை வந்து கேப்பினம்.”

“அப்ப என்னெண்டு சேர் படிப்பிக்கிறது?”

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். “படமாக் கீறிக் காட்டுங்கோ. கடதாசியிலை மடிச்சுக் காட்டுங்கோ. கலாசாலையிலை உதெல்லாம் பழக்கித்தானே விடுறவை.”

தன் வாயாலேயே அவர் கொடுத்த யோசனை அது. பிறகு அதை நினைத்து எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாரோ, பாவம்.

எனக்கு இருக்க இடம் தந்தது அந்த ஊரிலேயே ஒரு மீனவக் குடும்பம். வீட்டுக்கார அக்கா, அவருடைய கணவர், ஒரே மகள். மகள் என் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறவள். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்கிற சாதி. வீட்டிலும் கேட்பாள், பள்ளிக்கூடத்திலும் கேட்பாள்; எனக்கு எங்கேயும் விடுதலை இல்லை.

அக்காவுக்கும் எனக்கும் வெள்ளிக்கிழமையில் மட்டும் ஒத்துவராது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினிக்குள் மீன்சட்டி வராது. அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்சட்டி அடுப்பை விட்டு இறங்காது. ஆண்டவர் பாடுபட்ட நாள் என்று அவர்கள் அன்றைக்கு இறைச்சியைத் தொடமாட்டார்கள். மீன் தின்பதுதான் அவர்களுக்கு ஒறுத்தல். எனக்குத் தனிச் சட்டியில் பூசணிக்காயும் சொதியும் வைத்துத் தந்துவிட்டு அக்கா சொல்லுவார்:

“உங்கட சாமிக்கு மீனிலை கோவம். எங்கட சாமிக்கு இறைச்சியிலை கோவம். நல்லகாலம், ரெண்டு பேருக்கும் சோத்திலை கோவமில்லை.”

இப்படிப் பகிடி விடுகிற அக்காவின் மனதில் ஒரு பயம் இருந்தது. அவர் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மகளுக்குப் பிறகு இரண்டு பிறந்து, இரண்டுமே தங்கவில்லை. “பிறந்ததுகள், அழுததுகள். வாய் வைச்சுக் குடிக்கேல்லை ரீச்சர்” என்று ஒருமுறை தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.  இந்த முறை மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை பிறந்து பால் குடிக்கிறவரைக்கும் ஒரு துண்டு இறைச்சி வாயில் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும்தான். காட்டுப்பக்கத்துச் சொந்தக்காரர் மான் வற்றல் கொண்டுவந்தால் வாசத்தையே தாங்கமாட்டாதவர் போல மூக்கை மூடிக்கொண்டு அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அது அவருக்கு உயிர் என்பது ஊருக்கே தெரியும். மானுக்குப் பதிலாக அவர் ஆறுதல் தேடியது கடற்பன்றிக் கருவாட்டில்.

கடற்பன்றி என்றால் காட்டுப்பன்றிக்குத் தம்பி என்று நினைக்க வேண்டாம். கடலடியில் புல் மேய்கிற பெரிய பிராணி அது. ஆவுலியா என்றும் சொல்வார்கள். எங்கள் கரையில் எப்போதாவது வலையில் படும். மற்றப்படி மன்னார்ப் பக்கத்து உறவுக்காரர் காயவைத்துக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் அதைத் தின்பதற்கு எவரும் யோசிப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு அதைவிட விசேஷமான கறி அந்த ஊரில் கிடையாது.

இனி வகுப்புக்கு வருகிறேன். என் கைக்குச் சித்திரம் வராது. கரும்பலகையில் நான் ஒரு பசுவைக் கீறிவிட்டு “இது என்ன?” என்று கேட்டேன். “கதிரை!” என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. யானை கீறினேன், “கேத்தில்!” என்றார்கள். வெண்கட்டியை வீசிவிட்டு அவர்களையே வெளியில் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலில் இருந்து கடல் வரைக்கும் மணல். ஆளுக்கு ஒரு ஈர்க்குக் கொடுத்து, பிடித்த மிருகத்தைக் கீறச் சொன்னேன். ஒரே ஒரு சட்டம்தான்: தாயைக் கீறினால் குட்டியையும் கீற வேண்டும், குட்டி என்ன குடிக்கிறது, எங்கே குடிக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். சொல்லத்தானே தடை? கீறுவதற்குத் தடை இல்லையே.

நாய், பூனை, ஆடு, மாடு, மரை என்று மணல் நிரம்பியது. பன்றி கீறினவன்தான் தாராளக்காரன். வயிற்றின் நீளத்துக்கு நிரையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டியைத் தொங்கவிட்டிருந்தான். மத்தியானம் கோவிலுக்குப் போகப் புறப்பட்ட தலைமை வாத்தியாருக்குக் காலடி வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கி, தாண்டித் தாண்டிப் போனார். கடைசியில் பன்றியை மிதித்துவிட்டார்.

மணலில் கீறினால் காற்று அழித்துவிடும். அதனால் கடதாசிக்கு வந்தோம். சீமெந்துப் பை, சீனிச் சரை, பழைய பத்திரிகை என்று கிடைத்ததை எல்லாம் சதுரமாக வெட்டினோம். எனக்குச் சித்திரம் வராவிட்டாலும் மடிப்பு வரும். முக்கோணமாக மடித்து இரண்டு மூலையைக் கீழே விட்டால் நாய், மேலே விட்டால் பூனை, விரித்து விட்டால் வௌவால். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு முதலே கைவந்த மடிப்பு ஒன்றே ஒன்று: தோணி. யானை மடி என்றாலும் தோணியில்தான் தொடங்குவார்கள். எங்கள் வகுப்பு யானைகளுக்கு எல்லாம் தோணியின் முன்மூக்கு மாதிரி ஒரு அணியம் இருந்தது.

வகுப்புக்குக் குறுக்கே இரண்டு வலைக்கயிறு கட்டினேன். ஒன்று தாய்ப்பால் குடித்து வளருகிறவர்களுக்கு, மற்றது முட்டையில் இருந்து வருகிறவர்களுக்கு. அணில் பால் கயிற்றில், காகம் முட்டைக் கயிற்றில். ஆமை, முதலை, மீன் எல்லாம் முட்டைப் பக்கம். வௌவாலுக்கு மட்டும் ஒரு நாள் சண்டை நடந்தது. பால் கயிற்றுக்கு ஒரு பேர் வேண்டுமே? பேர்தான் தடை செய்யப்பட்டிருந்தது. பிள்ளைகளே ஒரு வழி கண்டார்கள்.

“ரீச்சர், கீரி அந்தச் சொல்லோ?”

“ஓம், அந்தச் சொல்.”

“பல்லி?”

“பல்லி அந்தச் சொல் இல்லை.”

“ரீச்சர் அந்தச் சொல்லோ?”

“ஓமடா. நான், நீ, எல்லா மனிசரும் அந்தச் சொல்தான்.”

மூடி வைத்த சட்டியைத்தான் பூனை சுற்றும். புத்தகத்துச் சொல்லை ஒருநாள் வாசித்துச் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். இப்போது ஊர் முழுக்க ‘அந்தச் சொல்’. கிணற்றடியில், கரைவலை இழுக்கிற இடத்தில், பூசைக்குப் போகிற வழியில் எல்லாம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் “போடா அந்தச் சொல்லே!” என்று ஏசிக்கொண்டார்கள். தலைமை வாத்தியார் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து இருமுவதோடு நிறுத்திக்கொண்டார். அவரால் எதைத் தடுக்க முடியும்? அந்தச் சொல்லைச் சொல்லவேண்டாம் என்று சொன்னவரே அவர்தானே.

பாஸ்காவுக்கு முந்தின நோன்பு நாட்களான தபசுகாலத்தில் ஒரு வியாழக்கிழமை, வீட்டுக்கார அக்காவின் மகள் சீமெந்துக் கடதாசியில் ஒரு தோணி மடித்தாள். நன்றாகத்தான் மடித்தாள். மடித்துவிட்டு அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். வகுப்பே கத்தியது.

“தோணியைக் கவிழ்க்காதையடி! ஆர் கடலுக்குப் போனவை எண்டு தெரியுமே?”

அந்த ஊரில் விளையாட்டுக்கும் தோணியைக் கவிழ்க்கக் கூடாது. சிரட்டையை மிதக்கவிட்டாலும் நிமிர்த்தித்தான் விடுவார்கள். ஆனால் அவள் அசையவில்லை. கவிழ்ந்த தோணியின் ஒரு முனையைப் பிளந்து விரித்து வாலாக்கினாள். மறுமுனையை மடித்து மழுங்கல் மூஞ்சியாக்கினாள்.

“இது தோணி இல்லை. கடற்பன்றி. ரீச்சர், இதை எந்தக் கயித்திலை கொழுவுறது?”

கலாசாலையில் திமிங்கிலத்தின் படத்தைக் காட்டி, கடலில் இருந்தாலும் இவை மீன் அல்ல, காற்றை உறிஞ்சி மூச்சு விடுகிறவை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறவை என்று படிப்பித்திருந்தார்கள். அதே படத்தில் மூலையில் கடற்பன்றியும் இருந்தது. குட்டிக்கு நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

“பால் கயித்திலை” என்றேன்.

“அப்ப அது மீன் இல்லையோ?”

“இல்லை.”

“இறைச்சியோ?”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். எனக்கு அது ஒரு நாளும் வராது. “ஓம், ஆடு மாடு மாதிரித்தான்” என்றேன். அவள் வாங்கில் ஏறி, கடற்பன்றியை ஆட்டுக்கும் பன்றிக்கும் நடுவில் கொழுவினாள். மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா மகளுக்குக் கோப்பையில் சோறு போட்டு, மேலே கடற்பன்றிக் கருவாட்டுக் கறியை வைத்தார். அவள் கோப்பையைத் தள்ளினாள்.

“எனக்கு வேண்டாம். இது அந்தச் சொல்.”

“எந்தச் சொல்லடி?”

“இது மீன் இல்லை அம்மா, இறைச்சி. குட்டிக்குப் பால் குடுக்கிறது. வெள்ளிக்கிழமை திண்டால் பாவம். ரீச்சர் சொன்னவா.”

நான் பக்கத்தில் பூசணிக்காயோடு இருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் பகிடி விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அந்த முகத்தைக் கண்டதும் பகிடி வரவில்லை.

“ரீச்சர், உண்மையோ? நான் இந்த மாசம் முழுக்க உதைத்தானே திண்டனான்?”

 முந்தின நாள் வகுப்பில் வெள்ளிக்கிழமை ஒறுத்தலை நான் நினைக்கவில்லை. நேர்த்தியை அதைவிட மறந்துபோனேன். ‘பிழையாய்ச் சொல்லிப்போட்டன், அது மீன்தான் அக்கா’ என்ற வார்த்தை நுனிநாக்கில் நின்றது. அந்தப் பெட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொன்னால் “அப்ப ஆடும் மீனோ?” என்று கேட்பாள். கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது.

“அது பால் குடுக்கிறது உண்மை அக்கா,” என்றேன். “பாவமோ இல்லையோ எண்டது என்ரை பாடமில்லை. அது மாதா கோவில் சுவாமியாரின்ரை பாடம்.”

அக்கா எழுந்து போய்ச் சட்டியை மூடினார். கையை வயிற்றில் வைத்தபடி குசினி வாசலிலேயே நின்றார். “இதுவும் குடிக்காமல் போயிடுமோ?” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் என்ன சொல்லித் தேற்றுவது? என்னுடைய கலாசாலையில் அதற்கு ஒரு பாடமும் வைக்கவில்லை.

அண்ணை, அதாவது அக்காவின் கணவர், கரையில் இருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் ஆடித்தான் போனார். அவருடைய வழக்கு நேரானது. “மானைக் காயவைச்சால் அதுக்குப் பேர் வத்தல். கடற்பன்றியைக் காயவைச்சால் அதுக்குப் பேர் கருவாடு. இறைச்சி எண்டால் ஏன் ரீச்சர் கருவாடு எண்டு சொல்லுறம்? தமிழே சொல்லுது மீன் எண்டு!”  தமிழுக்கு அது பால் கொடுக்கிற விஷயம் தெரியாது என்று சொல்லலாமா?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு அந்தக் கறியைத் தொடவில்லை. பிள்ளைகள் தொடாததைப் பெரியவர்கள் எப்படித் தொடுவது? சில வீடுகளில் நாய்க்கு வைத்தார்களாம். நாய்க்கு ஒறுத்தல் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சுவாமியாருக்கு ஒரு சட்டி கடற்பன்றிக் கறி அனுப்புவது அண்ணையின் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை சட்டி போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் சுவாமியார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஊரின் பாவத்தை விசாரிக்க வந்தாரா, வராத கறியை விசாரிக்க வந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்குப் பின்னால் அண்ணை வந்தார். அக்காவும் வந்து உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமை வாத்தியார் குடையோடு ஓடி வந்தார்.

சுவாமியார் இரண்டு கயிற்றையும் ஒரு நுனியில் இருந்து மறுநுனி வரைக்கும் பார்த்தார். பால் கயிற்றின் கடைசியில், தாளில் வெட்டின ஒரு தாயும் மடியில் ஒரு பிள்ளையும் தொங்கின.

“மனிசரும் இதிலையோ?”

முன்வாங்குக்காரி எழும்பினாள். “ஓம் சுவாமி. நீங்களும்தான் அந்தச் சொல்.”

தலைமை வாத்தியார் இருமினார்.

“தலைமை வாத்தியாரும்” என்றாள்.

இருமல் நின்றுபோனது. சுவாமியார் தாடியைத் தடவி வாயை மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “ரீச்சர், நீங்கள் சைவக்காரப் பிள்ளை. உங்களுக்கு இது என்ன? மீனோ, இறைச்சியோ?”

“எனக்கு வெள்ளிக்கிழமையிலை ரெண்டும் ஒண்டுதான் சுவாமி. ரெண்டும் தின்னமாட்டன்.”

“கெட்டிக்காரி. ஆனால் நான் அதைக் கேக்கேல்லை.”

“பால் குடுக்கிறது சுவாமி. அதை நான் மாத்திச் சொல்ல ஏலாது.”

அண்ணை உடனே வற்றல், கருவாடு என்ற தன் வழக்கைத் தொடங்கினார். சுவாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“பிள்ளை, நீ தின்னேக்கை அதை என்னெண்டு நினைச்சுத் திண்டனீ?”

“மீன் எண்டு சுவாமி.”

“அப்ப நீ திண்டது மீன். மாதா உன்ரை மனசைப் பாப்பாவே ஒழிய, சட்டியைத் திறந்து பாக்கமாட்டா. நேர்த்தி முறியேல்லை. இனித் தின்னாதை, அவ்வளவுதான்.”

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் கண் இன்னும் கயிற்றில் தொங்கின அந்தச் சீமெந்துக் கடதாசியின் மேலேயே இருந்தது.

“அப்ப மற்றச் சனம் சுவாமி?” அண்ணை விடவில்லை. “எங்கட அப்பு, அவரின்ரை அப்பு, எல்லாரும் வெள்ளிக்கிழமையிலை திண்டுதானே செத்தவை? அவை எங்கை இப்ப?”

இது கொஞ்சம் பெரிய கேள்வி. சுவாமியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். தான் தின்ற வெள்ளிக்கிழமைகளையும் அவர் நினைத்திருக்கத்தான் வேண்டும். தலைமை வாத்தியாரும் தன் பங்குக்குக் கூரையைப் பார்த்தார். அப்போது முன்வாங்குக்காரி மறுபடியும் எழும்பினாள்.

“சுவாமி, வெள்ளிக்கிழமை மட்டும் இஞ்சாலை கொழுவினால் என்ன?”

“என்ன பிள்ளை?”

“மற்ற நாளெல்லாம் பால் கயித்திலை இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் மீனுக்குப் பக்கத்திலை கொழுவுவம்.”

சுவாமியாரின் அங்கி குலுங்கியது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணையும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இதை நான் காணவுமில்லை” என்று சொல்லிவிட்டுச் சுவாமியார் சைக்கிளில் ஏறினார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கறிச்சட்டி போனது. வெறும் சட்டியாய்த் திரும்பி வந்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் காலையில் கடற்பன்றி இடம் மாறும். திங்கட்கிழமை பழைய இடத்துக்கு வரும். முதல் வாரம் பிள்ளைகள் மாற்றினார்கள். இரண்டாவது வாரம் நான் வகுப்புக்கு வருமுன்னரே யாரோ மாற்றியிருந்தார்கள். ஒளித்திருந்து பார்த்தேன். தலைமை வாத்தியார்! குடையைச் சுவரில் சாத்திவிட்டு, வாங்கில் ஏறி, கள்ளன் மாங்காய் பிடுங்குகிற பவ்வியத்தோடு கடற்பன்றியைக் கழற்றி மீனுக்குப் பக்கத்தில் கொழுவினார். அவர் வீட்டிலும் அந்தக் கறிக்கு நல்ல மரியாதை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்டதைச் சொல்லிவிட்டால் பிறகு அதில் என்ன சுவாரசியம்?

வகுப்பில் எனக்கு இருந்த குஷி வீட்டுக்கு வந்ததும் போய்விடும். அக்கா மிச்சக் கருவாட்டை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டார். பகிடி விடுவதும் குறைந்துபோனது. மாதம் நிரம்ப நிரம்ப, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

“ரீச்சர், மாதா உண்மையாய்ச் சட்டியைத் திறந்து பாக்கமாட்டாவோ?”

“பாக்கமாட்டா அக்கா.”

சைவக்காரியான நான் மாதாவுக்காகப் பிணை நின்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இந்த மனுஷி கடற்பன்றியைத்தான் நினைப்பார். கடற்பன்றியை நினைத்தால் என்னை நினைக்காமல் எப்படி இருப்பார்? ஒரு செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல், என்னுடைய பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் நேர்ந்து வைத்தேன். இரண்டு பக்கமும் கட்டி வைத்தால் பாரம் தாங்கும் என்று எண்ணினேன்.

பாஸ்கா முடிந்து, வெயில் ஏறின ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது அக்காவுக்கு நோ கண்டது. மருத்துவிச்சி வந்து எங்களை எல்லாம் வெளியில் துரத்தினார். மகள் குசினி வாசலை விட்டு அசையமாட்டேன் என்றாள். அண்ணை கடலுக்குப் போகாமல், முற்றத்தில் குந்தியிருந்து நல்ல வலையைக் கிழித்துக் கிழித்துப் பொத்திக்கொண்டிருந்தார். “நீங்கள் பள்ளிக்கூடம் போங்கோ ரீச்சர். நிண்டு என்ன செய்யப் போறியள்?” என்றார். நான் வாசல் படலையைத் தாண்டும்போது உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அண்ணை நிமிரவில்லை. அழுவதுவரைக்கும் போன முறைகளிலும் நடந்ததுதானே. நான் நின்று காது கொடுத்தேன். அழுகை நின்றது. ஏன் நின்றது என்று கேட்கத் துணியாமல் நடந்தேன்.

வகுப்புக்குள் தலைமை வாத்தியார் வாங்கின் மேல் நின்றார். கையில் கடற்பன்றி. நான் இவ்வளவு வெள்ளென வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளும் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவரால் இறங்கவும் முடியவில்லை, கொழுவவும் முடியவில்லை. வேறு நாளாக இருந்தால் நான் அந்தக் காட்சியை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பேன். அன்றைக்கு என் காது அக்கா வீட்டுப் படலையிலேயே நின்றுவிட்டது.

மணலில் ஓடி வருகிற சத்தம் கேட்டது. முன்வாங்குக்காரி. தலை வாரி இழுக்கவில்லை, செருப்பும் இல்லை. கிடுகுத் தட்டியில் மோதிக்கொண்டு உள்ளே வந்து, முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கக் கத்தினாள்.

“ரீச்சர்! அம்மா முலையூட்டி!”

ஒருவரும் தும்மவில்லை. ஒரு பெட்டையும் முகத்தைப் புதைக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து, அவள் எனக்கு முன்னால் மங்கலாகத் தெரிந்தாள். வாங்கின் மேல் நின்ற மனுஷன், கடற்பன்றியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முதல்தடவையாக ஒரு பெண்பிள்ளையை நேரே பார்த்துக் கேட்டார்.

“ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?”

“அது நான் பாக்கேல்லை சேர்,” என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. “குடிக்குது.”